கார் விற்ற பிறகு பார்த்த மெட்ராஸ்

மெட்ராஸுக்குப் போகிறோம், கார் இல்லை, எப்படிச் சுற்றுவது, என்னென்ன பார்ப்பது என்று இப்போதெல்லாம் என்னைக் கேட்கிறார்கள். நாத்தனார் மகள் கேட்டாள். எதிர்வீட்டு அம்மா கேட்டார். என்னமோ நான் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள் மாதிரி! கார் இல்லாமல் நான் போனது ஒரே ஒரு தடவைதான். இருந்தாலும் கேட்கிறார்கள் என்றால் சொல்லத்தானே வேண்டும். நான் சொல்லும் முதல் யோசனை, தண்ணீர் கொண்டுபோகாதீர்கள். உடனே சிரிப்பார்கள். சிரிக்கட்டும். தூக்கிச் சுமந்தவளுக்குத்தானே தெரியும்.

எங்கள் கோயமுத்தூர்ப் பக்கத்து ஆட்களுக்குச் சிறுவாணிப் பைத்தியம் உண்டு. உலகத்திலேயே ருசியான தண்ணீர் அதுதான் என்று பிள்ளைக்குப் பால் புகட்டும்போதே சொல்லி வளர்ப்போம். வெளியூர் கிளம்பினால் கேனில் பிடித்துக்கொண்டுதான் கிளம்புவோம். கார் டிக்கியில் துணிப்பைக்கு இடம் இருக்காது, கேனுக்கு இருக்கும். இதில் வேடிக்கை, பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் வீட்டுக் குழாயில் வருவது சிறுவாணியே இல்லை. வேறு தண்ணீர். அதைத்தான் என் வீட்டுக்காரர் இத்தனை வருஷமும் ஒரு குறையும் சொல்லாமல் குடிக்கிறார். ஊரைத் தாண்டுவதென்றால் மட்டும் பேரூர்ப் பக்கம் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போய்ச் சிறுவாணி பிடித்து வர வேண்டும். "வெளியூர்த் தண்ணி வயித்துக்குச் சேராது அம்மணி" என்பார். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

அவர் பம்புசெட்டுக்கு உதிரி பாகம் செய்யும் சின்னப் பட்டறை வைத்திருந்தார். சரக்கை எடுத்துக்கொண்டு மெட்ராஸுக்குப் போவார், இறக்கிக் கொடுப்பார், திரும்பி வந்துவிடுவார். எத்தனை தடவை போயிருப்பார் என்று அவருக்கே தெரியாது. ஒவ்வொரு தடவையும் "ஏனுங்க, மெட்ராஸ் எப்படி இருந்துச்சு?" என்று கேட்பேன். "என்னத்த இருக்குது? முன்னால போற லாரியோட பின்பக்கம்தான் இருக்குது" என்பார். நான் ஒரு கல்யாணத்துக்காக அவருடன் காரில் ஒருமுறை போனேன். மண்டபத்தைப் பார்த்தேன், சாம்பாரைச் சாப்பிட்டேன், வந்துவிட்டேன். "ஒருக்கா கடலுக்குக் கூட்டிட்டுப் போயிக் காட்டறேன்" என்று திரும்பும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். அந்த 'ஒருக்கா' வரவே இல்லை. நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பட்டறைக்காரர் பெண்டாட்டிக்குக் கடல் எதற்கு என்று இருந்துவிட்டேன்.

பிறகு அவர் கண் குறைய ஆரம்பித்தது. குறைகிறது என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. காரின் இடது பக்கம் கேட்டுத் தூணில் உரசியது. கேட்டைத் திட்டினார். வாசலில் கிடந்த முறத்தை மிதித்தார். என்னைத் திட்டினார். ஒரு நாள் அன்னூரில் ஒரு சீருக்குப் போய்விட்டு வருகிறோம். இடது ஓரமாக ஒரு ஆள் மொபெட்டில் தீவனக்கட்டோடு போய்க்கொண்டிருக்கிறார். நான் வெகு தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டு வருகிறேன். இவர் ஒதுங்கவே இல்லை. காரின் பக்கக் கண்ணாடி அந்தத் தீவனக்கட்டில் இடித்து, ஆள் வண்டியோடு புழுதியில் சாய்ந்தார். நல்லவேளை, முழங்கை சிராய்த்ததோடு போயிற்று. அவரே எழுந்து, "பரவாயில்லீங்க, போயிட்டு வாங்க" என்றார். எங்கள் ஊர் ஆட்களுக்கு அடிபட்டாலும் மரியாதை போகாது.

இவர் காருக்குள் வந்து உட்கார்ந்தார். சாவியைத் திருகி அணைத்தார். "எங்கிருந்து வந்தான் அவன்?" என்றார்.

"எங்கிருந்தும் வரலீங்க. நெம்ப நேரமா அங்கதான் போயிட்டிருந்தாரு."

அப்போதுதான் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை. அதற்குப் பிறகு அவர் அந்தச் சாவியைத் தொடவில்லை. என் தம்பி வந்துதான் காரை வீட்டுக்கு ஓட்டிவந்தான்.

கண்ணுக்கு என்றால் உலகமே கோயமுத்தூருக்கு வருகிறது, எங்களுக்கு என்ன கஷ்டம்? பார்த்தோம். கண்ணுக்குள்ளே அழுத்தம் ஏறி நரம்பு செத்துக்கொண்டு வருகிறது என்றார் டாக்டர் அம்மா. சுற்றுப்புறம் முதலில் போகும், நடுவில் மட்டும் கொஞ்சம் தெரியும், குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி என்று கையைச் சுருட்டிக் காட்டினார். இவர் பட்டறைக்காரர் அல்லவா, "எத்தன இஞ்ச் பைப்புங்க?" என்று கேட்டார். டாக்டர் அம்மா சிரிக்கவில்லை. போனது போனதுதான், இருப்பதைச் சொட்டு மருந்தை வைத்து முடிந்தவரை காப்பாற்றலாம், எதுவரை என்று சொல்ல முடியாது, வண்டி மட்டும் கூடவே கூடாது என்றார். இவர் சரீங்க, சரீங்க என்று தலையாட்டினார்.

கார் போயிற்று. பட்டறையைத் தம்பி பார்த்துக்கொண்டான். இவர் முன்னறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். டீக்கடைக்குப் போவது நின்றது. கல்யாணம், காதுகுத்து, துக்கம் எதற்கும் வருவதில்லை. "கார் இல்லாம எப்படிப் போறது?" என்பார். வாசலிலிருந்து பார்த்தால் பஸ் ஸ்டாப் தெரியும்! யாராவது வந்து கூப்பிட்டால் வயிறு சரியில்லை என்று சொல்லச் சொல்வார். கண் என்று ஒரு வார்த்தை வெளியே போகக் கூடாது, எனக்கு உத்தரவு. எனக்கு அவர் கண்ணைவிட அந்த நாற்காலிமேல்தான் பயமாக இருந்தது. கண் போக இன்னும் காலம் இருக்கிறது. அதற்குள் இந்த மனுஷன் நாற்காலியோடு நாற்காலியாகப் போய்விட்டால், பிறகு யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டார். இதை நினைத்துச் சமையலறையில் நின்று அழுதிருக்கிறேன். அழுது என்ன ஆகப்போகிறது? ஒரு நாள் மதியம் நேராகப் போய் அவர் முன்னால் நின்றேன்.

"எனக்குக் கடல் காட்டறேன்னீங்கல்ல. காட்டுங்க."

"காரு..."

"காரெல்லாம் வேண்டாங்க. ரயில்ல போலாம், பஸ்ஸுல சுத்தலாம். உங்களுக்குத் தெரியறப்பவே எனக்குக் காட்டிப்போடுங்க."

இப்படிப் போட்டு உடைத்திருக்க வேண்டாம்தான். வாயில் வந்துவிட்டது. அவர் வாசல் பக்கம் திரும்பிப் பஸ் ஸ்டாப்பைப் பார்த்தார். அப்புறம், "சரி" என்றார். கூடவே நிபந்தனைகள். ஊரில் யாருக்கும் தெரியக் கூடாது. பெங்களூரில் இருக்கும் மகள் போனிலேயே கார் பதிவு செய்து தருகிறேன் என்றாள், அது கூடாது. "நான் ஓட்டாத கார்ல நான் ஏற மாட்டேன்." வெளியில் கையைப் பிடித்துக் கூட்டிப்போகக் கூடாது. "நாலு பேரு பாக்கற எடத்துல குருடன இழுத்துட்டுப் போறாப்பல போகாதே புள்ளே." கடைசி நிபந்தனை, சிறுவாணித் தண்ணீர்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. கண் தெரியாது, கை பிடிக்கக் கூடாது, இதில் தண்ணீர்க் கேன் வேறா? தங்கை வீட்டில் ஐந்து லிட்டர் கேனை நிரப்பி ஒயர் கூடையில் வைத்துத் தூக்கும்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. கூடைக்கு இரண்டு பிடி. "ஏனுங்க, கனமா இருக்குதுங்க, ஆளுக்கொரு பக்கம் புடிச்சுக்கலாமா?" என்றேன். புருஷன் பெண்டாட்டி ஆளுக்கொரு பக்கம் கூடை தூக்கினால் யார் என்ன சொல்வார்கள்? அவர் பிடித்துக்கொண்டார். நான் இடது பக்கம் போனால் கூடை இடது பக்கம் போகும். நான் நின்றால் கூடை நிற்கும். படி வந்தால் என் பிடியைக் கொஞ்சம் இறக்கினேன், அவருக்குத் தெரிந்துவிட்டது. தங்கை வீட்டு வாசலிலிருந்து பஸ் ஸ்டாப் வரை ஒரு இடத்திலும் அவர் தடுக்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். அவருக்கு இது தெரியவே கூடாது என்று மாரியம்மனை வேண்டிக்கொண்டேன்.

ரயிலில் போகிறவர்கள் காலை வண்டியில் போங்கள். பகலெல்லாம் பார்த்துக்கொண்டே போகலாம். ஜன்னலோரம் அவரை உட்கார வைத்தேன். ஈரோடு தாண்டிக் காவிரி வந்தது. பாலத்தின் இரும்புச் சட்டங்களுக்கு நடுவே தண்ணீர் துண்டு துண்டாகத் தெரிந்தது. "எத்தன தடவ இந்த ஆத்தத் தாண்டியிருக்கேன், இதுல தண்ணி ஓடுதான்னு ஒருக்காவும் பாத்ததில்ல" என்றார். அதன் பிறகு ஜன்னலை விட்டு அவர் திரும்பவில்லை. கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றைக்கூட வெளியே பார்த்துக்கொண்டேதான் சாப்பிட்டார்.

சென்ட்ரலில் இறங்கினால் பரபரப்படையாதீர்கள். எல்லாரும் போகட்டும் என்று ஒரு தூணோரம் நில்லுங்கள். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கூட்டத்தோடு கூட்டமாக நடந்தோம். நான் இடது பக்கம் விலகினேன், கூடையும் விலகியது, அதற்குள் வலது பக்கத்திலிருந்து ஒரு ஆள் பெட்டியை உருட்டிக்கொண்டு குறுக்கே வந்தார். இவர் கால் பெட்டியில் இடித்து, அந்த ஆள்மேல் சாய்ந்துவிட்டார்.

"யோவ், கண்ணு தெர்ல? ஓரமா போயா!"

யாரும் யாருக்கும் சொல்வதுதான். அந்த ஆள் சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டார். இவர் நின்ற இடத்திலேயே நின்றார். கூடையின் பிடியை விட்டுவிடுவாரோ என்று நான் பயந்தேன். விடவில்லை. எழும்பூர் லாட்ஜுக்குப் போகும்வரை அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தார். அறைக்குள் போனதும், "நாளைக்கே திரும்பிப் போயிரலாம்" என்றார்.

"வந்த காலோட போறதுக்கா இத்தன தூரம் வந்தோம்? நான் இன்னும் கடலப் பாக்கலீங்க."

"உனக்கு வேணும்னா நீ போயிப் பாரு."

"அதுக்குப் பேரு காட்டறதில்லீங்க" என்றேன். சண்டை அத்தோடு நின்றது. படுக்கப்போகுமுன் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டேன். இமையை விரலால் பிடித்து விரிக்கும்போது அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

எழும்பூரில் தங்குகிறவர்களுக்கு மியூசியம் நடக்கிற தூரம்தான். ஆனால் வெள்ளிக்கிழமை போகாதீர்கள், விடுமுறை. நாங்கள் வெள்ளிக்கிழமை கூடையும் கையுமாகப் போய் மூடிய கேட்டைப் பார்த்துவிட்டு வந்தோம். வெள்ளிக்கிழமை எந்த நல்ல காரியத்துக்கும் கிளம்பலாம் என்று நம் ஊரில் சொல்வதை மியூசியத்திடம் யாரும் சொல்லவில்லை போல.

அங்கிருந்து மெட்ரோவுக்குப் போனோம். வயதானவர்களோடு போகிறீர்கள் என்றால் மெட்ரோ நல்லது. நல்ல வெளிச்சம், தூக்கிவிட லிஃப்ட், நசுக்கும் கூட்டம் எல்லா நேரமும் இருக்காது. தரையில் மஞ்சள் நிறத்தில் மேடு மேடாக ஒரு வரிசைக் கல் பதித்திருக்கிறார்கள். இவர் செருப்புக் காலால் அதைத் தடவிப் பார்த்தார். "இது என்னத்துக்கு?" என்றார். அது யாருக்காகப் போட்டது என்று எனக்குத் தெரியும், மகள் சொல்லியிருக்கிறாள். "அழகுக்குப் போட்டிருக்காங்க போலிருக்குதுங்க" என்றேன். "ம்" என்றார். அதற்கப்புறம் அவர் அந்த வரிசையை விட்டு இறங்கவில்லை. நானும் கவனிக்காத மாதிரியே நடந்தேன்.

மெட்ராஸில் எதைப் பார்க்காவிட்டாலும் பறக்கும் ரயிலில் ஏறுங்கள். மத்தியான நேரத்தில் ஏறினால் பெட்டியே உங்களுடையது. பெண்கள் பெட்டியில் ஏறிவிடாதீர்கள், ஆளுக்கொரு பக்கம் பிரிந்து போக வேண்டியிருக்கும். ரயில் மாடி உயரத்தில் போகிறது. கீழே கால்வாய், துணி காயும் மொட்டை மாடிகள், பள்ளிக்கூட மைதானம், ஒரு மசூதியின் கோபுரம், ஒரு மாதா கோயிலின் சிலுவை, சந்துக்குள் சிக்கிக்கொண்ட ஒரு தண்ணீர் லாரி. ஓடுகிற பஸ்ஸில் பார்த்தால் பக்கத்தில் இருப்பதெல்லாம் அவர் பார்வைக்குள் விழுவதற்குள் ஓடிவிடும். இங்கே உயரத்திலிருந்து தூரத்தைப் பார்ப்பதால் நின்று நிதானமாக விழுந்தது. ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிக்குப் போனோம், அதே ரயிலில் திரும்பி வந்தோம், மறுபடியும் போனோம். "அந்தா அந்த ரோட்டுலதான் ஒருக்கா டயர் பஞ்சர் ஆயி நின்னேன்" என்று காட்டினார். குரலில் பழைய ஆள் கொஞ்சம் தெரிந்தார். இதுவே போதும், இப்படியே ஊருக்குத் திரும்பிவிடலாம் என்றுகூட எனக்குத் தோன்றியது.

தோன்றியதும் திரும்பியிருக்கலாம். கடல் என்றால் சாயங்காலம்தான் போக வேண்டும் என்று எனக்குள் யாரோ எழுதி வைத்திருந்தார்கள். வெயில் தாழ்ந்ததும் சேப்பாக்கத்தில் இறங்கி நடந்தோம். மெரினாவில் ரோட்டுக்கும் அலைக்கும் நடுவில் எங்கள் ஊர்ச் சோளக்காடு அளவுக்கு மணல் இருக்கிறது. அந்த மணல்மேல் அலைக்குக் கிட்டத்தில் வரை பலகை போட்டு ஒரு பாதை அமைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளக் கம்பி. சக்கர நாற்காலியில் ஒரு பெண்ணை அவள் வீட்டார் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"ஏனுங்க, இந்த வழியாப் போலாங்களா?"

அவர் அந்தச் சக்கர நாற்காலி போவதையே பார்த்தார். "அது முடியாதவங்களுக்குப் போட்டது. நமக்கெதுக்கு? மணல்ல நட" என்றார்.

நடந்தோம். வெளிச்சம் வடிய வடிய அவருக்கு இருப்பதும் போய்விடும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. பஜ்ஜிக் கடை, பலூன், குதிரை, ஓடிப் பிடிக்கும் பிள்ளைகள். மணலில் கூடை முன்போல வழி காட்டவில்லை. என் கால் ஒரு பக்கம் புதைந்தால் கூடை ஆடும், அவர் படியோ என்று காலைத் தூக்கி வைப்பார். கடை ஒன்றின் தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருந்த கயிறு முழங்கால் உயரத்தில் நின்றது. எனக்கே தெரியவில்லை. இவர் அதில் தட்டி முகம் குப்புற விழுந்தார். கூடை என் கையிலிருந்தும் பிய்த்துக்கொண்டு போயிற்று. கேனின் மூடி தெறித்து, சுமந்து வந்த சிறுவாணித் தண்ணீர் அத்தனையும் குபுகுபுவென்று மணலுக்குள் போனது. கடைக்காரர் ஓடிவந்தார். "அய்யோ, பாத்து சார், அடிபட்ச்சா?" என்று தூக்கிவிடக் கையை நீட்டினார். இவர் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. அது தம் முன்னால் நீண்டிருப்பதே அவருக்குத் தெரியவில்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

எழுந்து உட்கார்ந்தார். மூக்கிலும் மீசையிலும் மணல். முந்தானையால் துடைத்துவிட்டேன், தடுக்கவில்லை. கடல் எங்களுக்கு முன்னால் இரைந்துகொண்டிருந்தது.

"தெரியுதுங்களா?"

"சத்தம் கேக்குது" என்றார். அப்புறம், "எனக்கு நெம்பப் பயமா இருக்குது அம்மணி" என்றார்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த மனுஷன் வாயிலிருந்து பயம் என்ற சொல்லை நான் கேட்டதில்லை. பட்டறையில் ஷாக் அடித்துத் தூக்கி எறிந்த அன்றுகூட, "ஒண்ணுமில்ல, சோத்தப் போடு" என்றவர். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது என்றேன். பொய் சொல்லித் தேற்றுவதற்கு அன்றைக்கு எனக்குத் தெம்பு இல்லை. இரண்டு பேரும் மணலில் உட்கார்ந்து அந்த இரைச்சலைக் கேட்டோம். கடைக்காரர் ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். இவர் வாங்கி மடக் மடக்கென்று குடித்தார். வயிற்றுக்குச் சேருமா என்று நானும் கேட்கவில்லை.

மறுநாள் விடியுமுன்னே என்னை எழுப்பியவர் அவர். சட்டை மாற்றிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "விடியறப்ப போலாம். காலைல எனக்குத் தெரியும்" என்றார். நான் கைப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

"கூடை எங்கே?"

"கேன்தான் காலியாப் போச்சுங்களே. அது எதுக்கு?"

"எடு புள்ளே. அந்தக் கூடை எதுக்குன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சயாக்கும்?"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கூடையை எடுத்தேன். காலிக் கூடைக்குக் கனமில்லை. ஒரு பிடியை அவர் பிடித்துக்கொண்டார், ஒன்றை நான் பிடித்துக்கொண்டேன்.

அந்த நேரத்து பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் இடம் கிடைக்கும். பூக்காரிகளும் மீன் கூடைக்காரிகளும்தான் இருப்பார்கள். மெட்ராஸைப் பார்க்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. கடற்கரையில் இறங்கினோம். வானம் வெளுத்துக்கொண்டு வந்தது. நான் மணலைப் பார்த்து நடந்தேன், கூடை வரவில்லை. திரும்பிப் பார்த்தால் அவர் பலகைப் பாதை பக்கம் நிற்கிறார். அங்கே காவலுக்கு ஒரு அம்மா துடைப்பத்தோடு இருந்தார். எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"சார், இது முடியாதவங்களுக்குப் போட்டது. நல்லா இருக்கறவங்க அப்டிக்கா மணல்ல போங்க."

நான் வாயைத் திறந்தேன். என்னை முந்திக்கொண்டு அவர் பேசினார்.

"எனக்குத்தானுங்க. கண்ணு சரியாத் தெரியறதில்லீங்க. போயிட்டே இருக்குதுங்க."

அந்த அம்மா உடனே துடைப்பத்தைக் கீழே போட்டார். "இத முன்னாடியே சொல்லக் கூடாதா சார்? வா வா, அந்தக் கம்பியப் புட்ச்சிக்கோ" என்று வழிவிட்டார். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. இந்த ஒரு வார்த்தையை மறைக்கவா எத்தனையோ மாதம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு கையில் கம்பி, ஒரு கையில் கூடை, என் வீட்டுக்காரர் எனக்கு முன்னால் நடந்தார்.

பாதை முடிகிற இடத்தில் நின்றோம். எங்கள் ஊரில் சூரியன் மலைக்குப் பின்னால் போய் விழுவதைத்தான் பார்த்திருக்கிறோம். தண்ணீருக்குள்ளிருந்து எழுந்து வருவதை நான் அன்றுதான் பார்த்தேன். அவர் தலையை இடது கோடியிலிருந்து வலது கோடிக்கு மெதுவாகத் திருப்பினார். மறுபடி வலமிருந்து இடம்.

"கண்ணு கெட்ட பொறவு சூரிய நமஸ்காரம்னு சொல்லுவாங்க. கெடறதுக்குள்ள வந்துட்டோம்" என்றார்.

"தெரியுதுங்களா?"

"எந்தப் பக்கம் திருப்புனாலும் கடலாத்தான் இருக்குது. பைப்புக்குள்ள பாத்தாலும் கடலு கடலுதான் புள்ளே. குறையவே இல்ல." பிறகு கையை நீட்டி, அந்தா கப்பல், அந்தா மீன்காரன் படகு, அங்க பாரு, அலை மேல ஒரு பறவ உக்காந்திருக்குது என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். எல்லாம் எனக்குத் தெரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் அவர் காட்டக் காட்ட, "எங்கீங்க?" என்று கேட்டுக்கேட்டுப் பார்த்தேன்.

அதற்கப்புறம் மெட்ராஸில் என்ன பார்த்தோம் என்று யாரேனும் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. மயிலாப்பூர் கோயில் குளத்தைச் சுற்றினோம். ஒரு கடையில் இட்லி சாப்பிட்டோம். அந்தக் கடைத் தண்ணீரை ஒரு டம்ளர் முழுக்கக் குடித்துவிட்டு, "பரவாயில்ல, குடிக்கலாம்" என்றார். கேனை லாட்ஜிலேயே விட்டுவிட்டு வந்தோம்.

கோயமுத்தூரில் இறங்கி, காந்திபுரம் வந்து, மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏறினோம். மெட்ராஸில் அவரை யாருக்குத் தெரியும்? எங்கள் ஸ்டாப்பில் இறங்கினால் டீக்கடை. பாதிப் பேர் பட்டறை ஆட்கள், மீதிப் பேர் சொந்தம். யாருக்கும் தெரியக் கூடாது என்று கிளம்பியவர், பட்டப்பகலில் கூடையைப் பிடித்துக்கொண்டு எப்படி இறங்குவார்? இறங்கியதும் பழையபடி நாற்காலிக்குப் போய்விட்டால்? நான் முன்னால் இறங்கினேன். பழக்கத்தில் கூடையின் ஒரு பிடியை அவர் பக்கம் நீட்டினேன். டீக்கடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏனுங்க, பஸ்ஸுலயா வாரீங்க? காரு என்னாச்சுங்க?" என்றார் கடைக்காரர்.

அவர் கூடையை வாங்கவில்லை. கையை நீட்டித் தடவி, என் தோளைப் பிடித்துக்கொண்டார். நடுரோட்டில், எங்கள் ஊரில், அத்தனை பேருக்கும் முன்னால்.

"வித்துப்போட்டனுங்க. கண்ணு தெரியறதில்லீங்க" என்றார். என்னிடம் மட்டும், "மெல்லப் போ அம்மணி" என்றார்.

மெல்லத்தான் போனேன்.